கொலைக்கதைக்கு ஊத்தான் மெலிந்தாங் சொன்னது

ஒரே ஒரு பிரதி.
கோலாலம்பூர் பஸ்ஸில் யாரோ விட்டுப் போனது.
முன்னட்டை இல்லை, ஆகவே எழுதியவர் பெயருமில்லை.
கதாநாயகன் புலனாய்வு நிருபன்.
துப்பாக்கிக்கு அஞ்சமாட்டான், தூங்கமாட்டான்,
ஆசிரியர் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டான்.
"அப்படியே உன்னை மாதிரி" என்று
முடிவெட்டும் லோகேஸ்வரன் என்னிடம்தான் முதலில் கொடுத்தார்.
கடையே சிரித்தது.
நான் இந்த வட்டாரத்து நிருபர்.
தீமிதி, பள்ளி விளையாட்டு, கருமக்கிரியை.
செய்திக்குப் பதினைந்து வெள்ளி,
படம் இருந்தால் இருபது.

அப்புறம் அது ஊரைச் சுற்றியது.

செம்பனை லோரி தர்மலிங்கம்
ஆலை வாசலில், எடை போடும் வரிசையில் நின்று படித்தார்.
எண்பதாம் பக்கம்வரை எண்ணெய்க் கைரேகை.
"இருநூறு பக்கமா ஓடுது அந்தக் காடி.
ஒரு தரமாச்சும் எண்ணெய் ஊத்தினானா?"

கிளினிக் சுகுணாவதிக்கு விஷத்தில் உடன்பாடில்லை.
"ஒரு மடக்கு காப்பி, உடனே மேசைமேல தலை.
அவ்வளவு மரியாதையா யாரும் செத்து நான் பார்த்ததில்ல."

ஐந்தாம் படிவம் கவினேஷ்
நாற்பதாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டான்:
கொலைகாரன் கணக்குப்பிள்ளை.
பின்னால் படித்த அத்தனை பேரும்
அவன் பரம்பரையைத் திட்டினார்கள்.
திட்டிக்கொண்டே கடைசிவரை படித்தார்கள்.
கணக்குப்பிள்ளையேதான்.

மளிகைக் கடை ஆ சோங் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.
சாமான் வாங்க வந்தவர்கள் ஆளுக்கோர் அத்தியாயம் சொல்லி
கதை அவருக்கு முழுசாய்ச் சேர்ந்தது, கொஞ்சம் வரிசை மாறி.
"இந்த ஆளுக்கு யாரு சம்பளம் குடுக்கறது?" என்றார்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சங்கத்து நாகப்பன்:
"கடைசியில முதலாளிக்கு விலங்கு மாட்டுறாங்க.
கதைன்னு அங்கதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு."

பிறகு மூன்று வாரம் புத்தகத்தைக் காணோம்.
பெட்ரோல் நிலையத்துப் பிரகலாதன் தினமும் கேட்டான்,
அடுத்த முறை அவனுடையது.
ஆற்றோரத் தாமானில் நேசமலரிடம் இருக்கிறதாம்.
அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பவளாம்.
வாங்கிவரப் போனேன்.

பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள்.
"நல்ல கதை.
செத்தவனோட பெண்சாதியப் பார்க்க
அந்த ஆளு நாலு தடவ போறான்.
மொத தடவ அவ கதவே தொறக்கல.
ரெண்டாவது, தண்ணி குடுக்குறா.
நாலாவது தடவதான் சொல்றா,
அன்னிக்கு ராத்திரி அவருக்கு வேலையே இல்லைன்னு.
எனக்குப் பிடிச்சது அது.
சண்டையெல்லாம் நான் தள்ளிட்டேன்."

அந்த வாசலுக்கு நான் முன்பு ஒருமுறை வந்திருக்கிறேன்.
ஆலையின் கழிவுக் குட்டையிலிருந்து
அவள் கணவனைத் தூக்கிய மறுநாள்.
மோட்டாரை அணைக்கவில்லை.
வயது கேட்டேன். பிள்ளைகள் எத்தனை என்றேன்.
மழை வரும்போல் இருந்தது.

அதை அவள் சொல்லவில்லை.
தேத்தண்ணி கலக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் பையைப் பிரித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அடையாளத்துக்கு வைத்த பத்திரிகைத் துண்டு.
என் செய்தி. இரண்டு அங்குலம்.
பின்பக்கம் அன்றைய தங்க விலை.
'கால் தவறி விழுந்து' என்று எழுதியிருக்கிறேன்.
ஆலை ஆபீசில் சொன்னார்கள்.
'கதிரேசன்' நீலப் பேனாவால் அடிபட்டு
மேலே, ஒவ்வொரு எழுத்தாக, 'கதிர்வேலன்'.
'கால் தவறி'க்கு அடியில் ஒரு கோடு.
கேள்விக்குறிகூட இல்லை.

காலையில் எண்ணெய் ஊற்ற நின்றேன்.
பிரகலாதன் கையை நீட்டினான்.
"நிருபரே, புத்தகம்?"

மூன்று தரம் படித்த புத்தகம்.
"இன்னும் முடிக்கல" என்றேன்.